மூளைப் படம் எடுக்கும்போது வாயை மூடவும்

1

போன மாதம் நோர்வேக்காரர் என்னுடைய மூளையைப் படம் பிடித்தார்கள். படம் சரிவரவில்லை. மூளை இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொன்னார்கள். ஈச்சிலம்பற்றுப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் அதையே நம்ப மாட்டார்கள், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

நான் இங்கே பஸ் ஓட்டுகிறேன். கடல் மலைகளுக்குள் நுழைந்து கிடக்கும் சின்னப் பட்டினம். வந்து இறங்கிய முதல் நாள், திருகோணமலைத் துறைமுகத்தை யாரோ தூக்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதே வளைவு, அதே ஆழம், நடுவில் நிற்கும் கப்பல்கூட அதே மாதிரி. கடற்படை மட்டும் இல்லை. பழகிவிட்டது. மனைவி சுகந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், மாதுமை. கோணேசர் கோயில் அம்மனின் பெயரைத்தான் வைத்தோம். இந்த நாட்டு நாக்குக்கு அது நீளம் என்று மாது ஆக்கினார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம்.

மாதுவுக்கு வயது பதினைந்து. பதினான்கு வரைக்கும் நல்ல பிள்ளை. பிறகு எங்கள் வீட்டுக் கதவுகளுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. காலையில் தாயைக் கட்டிப்பிடித்து உலகத்திலேயே நல்ல அம்மா என்பாள். மத்தியானம் அதே அம்மா தன்னுடைய வாழ்க்கையை அழித்தவளாகிவிடுவாள். ஒருநாள் வகுப்பில், அவளுடைய உயிர்த் தோழி இன்னொருத்திக்குப் பக்கத்தில் போய் இருந்தாள் என்பதற்காகக் கதிரையை உதைத்து விழுத்தி, ஆசிரியையைத் திட்டி, பிறகு அதே ஆசிரியையின் தோளில் சாய்ந்து ஒரு பாடம் முழுக்க அழுதிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் எங்களை அழைத்தது. அங்கே உளவியலாளர் என்று ஒரு இளைஞர் காலுறையோடு கதிரையில் சம்மணம் கட்டி இருந்தார். உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்துவதில் பிள்ளைக்குச் சிரமம் இருக்கிறது, அது ஆளுமைக் கோளாறு ஒன்றின் தொடக்கமாக இருக்கலாம், வெறும் பதினைந்து வயதாகவும் இருக்கலாம், இந்த வயதில் பெயர் சூட்டக் கூடாது, பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். எங்கள் பக்கத்தில் டொக்டர் வருத்தத்துக்கு இன்ன நோய் என்று பெயர் சொல்லாவிட்டால் அடுத்த டொக்டரிடம் போவோம். இங்கே பெயர் சொல்லாமல் இருப்பதுதான் படிப்பாம்.

இது போதாதென்று அவள் இன்னொரு குண்டையும் போட்டாள். ஓகஸ்ட் மாதத்தில் தொடங்கும் உயர் வகுப்புக்கு வேறு பட்டினத்துப் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்திருக்கிறாளாம். அங்கே தனி அறை எடுத்து இருக்கப் போகிறாளாம். இந்த நாட்டில் இது சாதாரண விஷயம். பதினாறு வயதுப் பிள்ளைகள் தலையணையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், தாய்தகப்பன் கையசைத்து வழியனுப்புகிறார்கள்.

"ஏலாது," என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு மாது என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தல் என் கையில் இருக்கும்போதே, "அம்மா, உப்பை இஞ்சால தரச் சொல்லி அப்பாட்டச் சொல்லுங்கோ," என்பாள். சுகந்தியும் என் பக்கம் திரும்பி, "உப்பை அங்கால குடுங்கோவன்," என்பாள். நானும் சுகந்தியிடம் கொடுப்பேன். மாதக்கணக்காக எங்கள் வீட்டில் உப்பு இப்படிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

2

திருகோணமலையில் இருக்கும் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பேன். அக்காவைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் கட்டி ஈச்சிலம்பற்றை விட்டு, துறைமுகத்துப் பக்கம் வீடெடுத்து இருக்கிறா. சண்டை திரும்பவும் தொடங்கியதிலிருந்து, துறைமுகப் பக்கமிருந்து ஆமிக்காரர் குடாவுக்கு மேலாகத் தெற்கே ஷெல் அடிக்கிறார்கள். அந்தத் தெற்கில்தான் எங்கள் ஊர். சனம் முழுக்க வெருகல் ஆற்றைக் கடந்து போய்விட்டது. அடிக்கிற சத்தத்தில் அக்காவின் யன்னல்கள் ஆடுகின்றன, ஆனால் அக்காவின் குரல் ஆடுவதில்லை.

நான் உளவியலாளர் சொன்னதைத் தமிழில் சொல்லப் பார்த்தேன்.

"ஆளுமையோ? ஆளுமை எண்டா நல்ல சாமான் தானேடா தம்பி. அதில என்னண்டு கோளாறு வாறது?"

"அது வேற, அக்கா. கோபம் கூடவாம். ஒருநாள் ஒராளைத் தலையில தூக்கி வைக்கிறாளாம், அடுத்த நாள் போட்டு மிதிக்கிறாளாம்."

"அப்ப எங்கட சின்னமாமாவுக்கும் அதுதான் இருந்திருக்கு. பொறு... ஆ..."

பின்னால் இடி மாதிரி ஒன்று. பிறகு இன்னொன்று. நான் போனைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"ம். மூடலாம். என்ன சொன்னனீ?"

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வயதில் குண்டு போடும் பொம்பர் விமானம் வந்தால் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் ஓடுவோம். காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தால் செவிப்பறை கிழியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மையோ பொய்யோ தெரியாது, கிழிந்து பார்க்க எவரும் விரும்பவில்லை. அக்கா அதைச் சட்டமாக்கினா. அவவுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். பங்கருக்குள் இறங்கியதும் முதல் கட்டளை, "வாயைத் திற!" அப்பா, அம்மா, நான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு இருப்போம். பல்லுக் கட்டியிருந்த ஒரு ஐயாவின் பல்வரிசை ஒருநாள் கழன்று மணலுக்குள் விழுந்தது, அதைத் தேடவும் அக்கா விடவில்லை. பக்கத்து வீட்டு மாமியும் மருமகளும் சண்டை பிடித்துக்கொண்டே பங்கருக்குள் வருவார்கள். மருமகள் பாதி வசனத்தில் வாயைத் திறந்தபடி நிற்பாள். பொம்பர் போய், அக்கா "மூடலாம்" என்றதும், விட்ட இடத்திலிருந்து மற்றப் பாதியைச் சொல்லி முடிப்பாள்.

"மூடலாம்" என்று அக்கா சொல்லும்வரை எவரும் மூடுவதில்லை. அப்பாகூட ஒருமுறை, "பிள்ளை, இப்ப மூடலாமோ?" என்று கேட்டார். அவருக்கு வாய் உளைந்திருக்கும்.

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லை," என்றா அக்கா போனில். "உன்ர பிடிவாதம்தான் அவளுக்கும். நீ இறங்கிப் போ."

"அவள் வீட்டை விட்டுப் போறன் எண்டு நிக்கிறாள்."

"நீ போகேல்லையே?"

நான் போனதும் அவள் போவதும் ஒன்றா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அக்கா திரும்பவும் வாயைத் திறந்துவிட்டா.

3

அந்த உளவியலாளர் மூலம்தான் ஆராய்ச்சி எங்கள் வீட்டுக்குள் வந்தது. பல்கலைக்கழக வைத்தியசாலையில் வளரும் பிள்ளைகளின் மூளையைப் படம் எடுக்கிறார்கள், கோபம் கூடிய பிள்ளைகளும் வேண்டும், சாதாரணப் பிள்ளைகளும் வேண்டும், கூடவே பெற்றோரில் ஒருவரும் வேண்டும், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மூளை எந்தளவுக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார்களாம். மாது உடனே ஓம் என்றாள். தன்னுடைய தலைக்குள் என்ன நடக்கிறது என்று அறிய அவளுக்கும் ஆசை இருந்தது. சுகந்தி லிஃப்டுக்குள்ளேயே ஏற மாட்டாள், குழாய்க்குள் எப்படிப் படுப்பாள்? ஆகவே பெற்றோர் என்ற பதவி எனக்கு வந்து சேர்ந்தது.

ஆராய்ச்சியை நடத்துபவர் இங்ரிட் என்ற பெண் டொக்டர். ஜீன்ஸ் போட்டிருந்தார், மேசையில் பாதி கடித்த அப்பிள். இந்த நாட்டில் அரசன் தவிர எல்லாருக்கும் நீதான். அவர் என்னை நீ என்றார், நானும் அவரை நீ என்று சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் டொக்டரை நீ என்னும்போது என் நாக்குக் கூசுகிறது. அதனால் இடையிடையே "டொக்டர்" என்று போட்டுச் சமன்செய்தேன்.

இங்ரிட் ஒரு வெள்ளைத்தாளில் மூளையைக் கீறி விளக்கினார். உள்ளே ஆழத்தில் பயமும் கோபமும் பிறக்கும் இடம் ஒன்று இருக்கிறது. முன்நெற்றிப் பக்கத்தில் அதை ஆறுதல்படுத்தும் இடம் ஒன்று. உள்ளே உள்ளது சீக்கிரம் முற்றிவிடுகிறது. முன்னால் உள்ளது மெதுவாகத்தான் முற்றுகிறது. இரண்டுக்கும் இடையிலான இணைப்பு இருபது வயது தாண்டியும் பலப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆளுமைக் கோளாறு உள்ளவர்களில் அந்த இணைப்பு வேறு மாதிரி வேலை செய்வதாகத் தெரிகிறது. ஆனால் அது காரணமா விளைவா என்று எவருக்கும் தெரியாது, அதைத்தான் தேடுகிறோம் என்றார்.

எனக்கு நன்றாக விளங்கியது. ஈச்சிலம்பற்றிலிருந்து தரை வழியாகத் திருகோணமலைக்குப் போனவர்களுக்கு விளங்காமல் இருக்குமா? ஆறு குறுக்கே வரும், பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் பஸ்ஸையே ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். கோபம் இக்கரையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது. புத்தி அக்கரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறது. பாதைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். இதை இங்ரிட்டுக்குச் சொன்னேன். அவர் சிரித்து, அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு நடையிலேயே ஒரு மிடுக்கு.

"அப்ப டொக்டர், படத்தைப் பார்த்தால் மாதுவுக்குக் கோளாறு இருக்கோ இல்லையோ என்று தெரியும்."

"தெரியாது. ஒருவருடைய படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்."

"ஆனால் உனக்குத் தெரியும். எனக்குச் சொல்ல மாட்டாய்."

"எனக்கும் தெரியாது," என்றார் இங்ரிட். நான் நம்பவில்லை. பரீட்சை எழுதினால் புள்ளி வரவேண்டும். புள்ளி இல்லாத பரீட்சையை எந்தத் தமிழ்த் தகப்பன் நம்புவான்?

இன்னொரு உதவியாளர் என்னைத் தனியே இருத்தி மாதுவைப் பற்றிக் கேட்டார். திடீரென்று கோபம் வருமா? தன்னைக் கைவிட்டுவிடுவார்கள் என்று பயப்படுவாளா? நேற்றுத் தெய்வமாக இருந்தவர் இன்றைக்குப் பேயாகிவிடுவாரா? ஒவ்வொரு கேள்விக்கும் எங்கள் சொந்தத்தில் ஒருவர் கண்முன்னே வந்து நின்றார். சின்னமாமா மூன்றுக்கும் வந்தார்.

முதல் வாரம் மாதுவுக்குப் படம் எடுத்தார்கள். போய் வந்து தாயிடம், "பெரிய சத்தம். வேற ஒண்டும் இல்லை," என்றாள். அடுத்த வாரம் என்னுடைய முறை. உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆணி, பல்லுக்கம்பி, வெடிச்சிதறல், ஷெல் துண்டு? பஸ்ஸில் ரிக்கெட் கேட்கும் குரலில் கேட்டார்கள். இல்லை என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. எங்கள் ஊரில் என் வயதுக்காரர் எல்லாராலும் அப்படிச் சொல்ல முடியாது. மணிக்கூடு, பெல்ட், சில்லறை எல்லாம் கழற்றியபின், அவர்கள் சொல்லாமலே நான் கைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றேன். எதற்கு என்று கேட்டார்கள். பழக்கம் என்றேன்.

குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். காதுக்குள் பஞ்சு, தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தை. ஒன்றும் செய்யாமல், ஒன்றையும் குறிப்பாக நினைக்காமல், கண்ணுக்கு முன்னால் தெரியும் கூட்டல் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு கிட என்றார் இங்ரிட். சும்மா கிடக்கும்போது மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு கதைக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சியாம். சும்மா கிடப்பதற்கு ஆளைத் தேடும் நாட்டை நான் வேறெங்கும் காணவில்லை.

பிறகு மெஷின் அடிக்கத் தொடங்கியது.

நான் அந்தச் சத்தத்தைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை, சத்தியமாக. என் வாய் தானாகவே ஆவென்று திறந்தது.

"அசையாதே," என்றது காதுக்குள் இங்ரிட்டின் குரல். மூடினேன். சத்தம் நின்று, அடுத்த சத்தம் தொடங்கியது. திறந்தது. "தயவுசெய்து அசையாதே." மூடினேன். திறந்தது. கடைசியில் என்னை வெளியே இழுத்து எடுத்தார்கள்.

"ஒவ்வொரு முறையும் சத்தம் தொடங்கும்போது உன் தலை பின்னுக்குப் போகிறது. ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் கோளாறுகளைத் தேடும் இடத்தில் நின்றுகொண்டு, குண்டுச் சத்தத்துக்கு எங்கள் குடும்பம் வாயைத் திறக்கும் என்று எப்படிச் சொல்வது? தகப்பனே இப்படி என்றால் பிள்ளையைப் பற்றி என்ன எழுதிக்கொள்வார்கள்?

"கொட்டாவி," என்றேன்.

"ஒவ்வொரு முறையுமா?"

"நான் பஸ் ஓட்டுகிறேன், டொக்டர்."

4

சில நாள் கழித்து இங்ரிட் போன் எடுத்தார். மாதுமையின் படத்தில் ஒன்று பார்த்தோம், நேரில் கதைப்பது நல்லது, நீயும் அவளோடு வா என்றார். போனில் சொல்லலாமே என்றேன். இல்லை, உங்கள் இருவருக்கும் காட்ட வேண்டும் என்றார்.

ஒருவருடைய படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றவர் ஏன் கூப்பிட வேண்டும்? ஏதோ பெரிதாக இருக்கிறது. அன்றைக்கு பஸ்ஸை ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன். பின்னாலிருந்த ஒரு கிழவி மணியை அடித்து அடித்து, கடைசியில் எழும்பி வந்து, என் தோளில் குடையால் தட்டினா.

சுகந்தியிடம் சொன்னேன். அவள் குசினியில் நின்று கையைத் துடைத்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன இருந்தாலும் இருக்கட்டும். எங்கட பிள்ளைதானே. மாத்தியே எடுக்கப் போறம்?"

அக்காவுக்கும் எடுத்தேன். கோணேசருக்கு அர்ச்சனை செய்கிறேன் என்றா.

"ஆமி இருக்கிற கோட்டைக்குள்ளாலதானே கோயிலுக்குப் போகவேணும் அக்கா. இந்த நேரத்தில செக்கிங் கூடவெல்லோ?"

"செக் பண்ணட்டும். அர்ச்சனைத் தட்டுக்குள்ள என்ன குண்டோ இருக்கப்போகுது? தேங்காயைக் குலுக்கிப் பாப்பாங்கள். பாக்கட்டும்."

எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையின் தலைக்குள் ஏதோ ஒன்று அறுந்து கிடக்கிறதோ என்ற பயம் ஒன்று. இன்னொரு பயமும் இருந்தது, அதைச் சுகந்தியிடம்கூடச் சொல்லவில்லை. இது வருத்தம்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டால் எனக்குச் சந்தோஷம் வந்துவிடுமோ என்று பயந்தேன். வருத்தம் என்றால், அவள் என்னோடு கதைக்காமல் இருப்பது என்னைப் பிடிக்காததால் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா.

5

வைத்தியசாலைக்குக் காரில் போகும்போது மாது பின் ஆசனத்தில் இருந்தாள். முன்னால் என் பக்கத்தில் ஆளில்லை. வழி நெடுக மழை.

இங்ரிட் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மூளை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கோடுகள் மட்டும், ஒன்றின் கீழ் ஒன்று.

"இது தலை அசைவைக் காட்டும் கோடு. தலை அசைந்தால், இல்லாத இணைப்பு இருப்பதுபோலவும், இருக்கிற இணைப்பு இல்லாததுபோலவும் தெரியும். அதனால் எல்லாருக்கும் இதை முதலில் பார்ப்போம். மேலே இருப்பது நீ," என்று என்னைக் காட்டினார். "கீழே மாதுமை."

மேல் கோடு நேராகப் போய், ஓரிடத்தில் துள்ளியது. திரும்பவும் நேராகப் போய், திரும்பவும் துள்ளியது. கீழ்க் கோடும் நேராகப் போனது. அதே இடங்களில் துள்ளியது.

"வேறு வேறு நாளில் எடுத்த படங்கள்," என்றார் இங்ரிட். "முதலில் மெஷின் பழுது என்று நினைத்தோம். மற்றவர்கள் ஒருவருக்கும் இப்படி இல்லை. ஒவ்வொரு சத்தமும் தொடங்கும்போது இரண்டு பேருக்கும் தாடை கீழே போகிறது, தலை பின்னுக்குப் போகிறது. நீ கொட்டாவி என்றாய். கொட்டாவி பரம்பரையாக வருமா?"

நான் மாதுவைப் பார்த்தேன். அவள் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாயைத் திறந்தேன்," என்றாள் நோர்வே மொழியில், ஏதோ கண் சிமிட்டினேன் என்பதுபோல. "பெரிய சத்தம் வந்தால் திறப்பதுதானே. தமிழர் எல்லாரும் திறப்பார்கள்."

"அப்படியா?" என்று இங்ரிட் என்னைக் கேட்டார்.

"எல்லாரும் இல்லை," என்றேன்.

மாது என் பக்கம் திரும்பினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக என்னிடம், அதுவும் தமிழில் கேட்டாள். "எல்லாரும் இல்லையா? அப்ப நியூ இயருக்கு?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் சின்னவளாக இருந்தபோது, புதுவருட இரவில் இந்தச் சனம் துறைமுகத்தில் நின்று வாணம் விடும். நான் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பேன். முதல் வெடிக்கே என் வாய் திறந்துவிடும். மேலே அவள் பயப்படக் கூடாதே என்று, "ஆ சொல்லு, குஞ்சு, ஆ," என்பேன். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து ஆவென்று நிற்போம். சுற்றி நின்றவர்கள் நாங்கள் அதிசயப்பட்டு நிற்கிறோம் என்று எண்ணிச் சிரிப்பார்கள். மாதுவோ, வாணவேடிக்கையைத் தமிழர் பார்க்கும் முறையே அதுதான் என்று எண்ணி வளர்ந்திருக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டாள், நடன வகுப்பை விட்டாள், சோற்றைக்கூட விட்டாள். இதை மட்டும் விடவில்லை.

இங்ரிட்டுக்கு விளக்க வேண்டியிருந்தது. பங்கர் என்றேன். இந்தக் கரையில் பங்கர் என்றால் இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர் கட்டிய சீமெந்து மாளிகை. உன் தகப்பன் இராணுவத்திலா இருந்தார் என்று கேட்டார். இல்லை டொக்டர், நெல் விதைத்தார், பங்கரை நாங்கள் மண்வெட்டியால் வெட்டினோம் என்றேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன். பல்லுக் கட்டிய ஐயாவைப் பற்றிச் சொல்லும்போது என் நோர்வே மொழி தடக்கியது. பல்வரிசைக்குச் சொல் வரவில்லை. மாதுதான் எடுத்துக் கொடுத்தாள்.

இங்ரிட் கடித்துக்கொண்டிருந்த அப்பிளைக் கீழே வைத்தார். பிறகு, "எப்படித் திறப்பீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் திறந்து காட்டினோம். அவரும் திறந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டி உள்ளே வந்த உதவியாளர், மூன்று பேரையும் பார்த்துவிட்டுத் தட்டாதவர்போலத் திரும்பிப் போனார்.

"அப்ப டொக்டர், பிள்ளைக்குக் கோளாறு?"

"உனக்கு முதலே சொன்னேன். எனக்குத் தெரியாது. இந்தப் படத்திலிருந்து எனக்குத் தெரிவது, அவளுக்கு வாய் இருக்கிறது என்பது மட்டும்தான்."

அது எங்களுக்குப் படம் எடுக்காமலே தெரியும்.

மாதுவின் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். அவள் வாயை மூடி வைத்திருந்தால் போதும், வேண்டுமென்றால் ஒருவர் உள்ளே காலடியில் இருக்கலாம். என்னுடையதைத் திரும்ப எடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. என்னைத் திருத்த முடியாது என்று கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. அதற்குமட்டும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

6

திரும்பும்போது மாது முன்னால் ஏறி இருந்தாள்.

"மாமி இப்பவும் செய்யிறாவா?" என்று கேட்டாள். மாமி என்றது அக்காவை.

"இப்பவும். போனில கேக்கிறேல்லையே, இடையில நிப்பாட்டுவா."

"நான் மாமின்ர போன் பழுது எண்டு நினைச்சன்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "அப்ப அது உண்மையான குண்டா? இப்பவா?" என்றாள்.

"ஓம், பிள்ளை. இப்ப."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சண்டையைப் பற்றி அவளுக்கு அதிகம் சொன்னதில்லை. கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை, சொல்லவில்லை என்பதால் அவள் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டாள். பங்கர் எவ்வளவு பெரிசு, உள்ளே பாம்பு வருமா, மருமகள் மற்றப் பாதி வசனத்தில் என்ன சொன்னாள் என்றெல்லாம் கேட்டாள். பல்வரிசை மணலுக்குள் விழுந்த கதைக்கு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். தமிழும் நோர்வே மொழியும் அவள் வாயில் கலந்து வந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"அப்பா, நான் ஓகஸ்டில போவன்."

கோபம் இக்கரையில் வந்து ஹோர்ன் அடித்தது. நான் பாதை வரும்வரை கொஞ்சம் பொறுத்தேன்.

"போ," என்றேன். "கிழமைக்கு ஒருக்கா வா. பஸ் ஓடுதுதானே."

"நீங்க ஓட்டுற பஸ்ஸா?"

"அந்த ரூட் எனக்குத் தரமாட்டாங்கள்."

அவள் இறங்கிப் போனாள். கதவை மெதுவாகத்தான் மூடினாள் என்று எழுத ஆசைதான். வழக்கம்போல அடித்துத்தான் மூடினாள்.

அடுத்த கிழமை போனோம். உள்ளே காலடியில் யார் இருப்பது என்று இங்ரிட் கேட்டபோது, மாது என்னைக் கை காட்டினாள். மணிக்கூடு, பெல்ட், சில்லறை கழற்றினேன். இந்த முறை கையைத் தூக்கவில்லை. எனக்கும் காதை மூடும் ஒன்றைத் தந்து, குழாயின் வாசலில் ஒரு கதிரையைப் போட்டுவிட்டார்கள். மாது உள்ளே போய்விட்டாள், வெளியே காலுறை போட்ட பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலுறையில் ஓட்டை.

"அப்பா," என்றது உள்ளிருந்து குரல். "என்ர காலைப் பிடியுங்கோ."

பெருவிரலைப் பிடித்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைப் பிடித்துத்தான் நகம் வெட்டுவேன்.

"நான் மூடி வைச்சிருக்கிறன். நீங்க திறவுங்கோ."

"அது நீ சொல்லவே தேவையில்லை."

மெஷின் அடிக்கத் தொடங்கியது. அறை முழுக்க அதிர்ந்தது. அவளுடைய விரல் என் கைக்குள் ஒருமுறை இறுகியது, ஆனால் பாதம் அசையவில்லை. நான் வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இங்ரிட் தன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும். அவளுக்கும் எனக்குமாகச் சேர்த்து நன்றாகத் திறந்துகொண்டேன்.

சத்தம் நீண்டுகொண்டே போனது. தாடை உளைந்தது. அப்பாவுக்கு அன்றைக்கு எப்படி உளைந்திருக்கும் என்று தெரிந்தது.

பிறகு எல்லாம் நின்றது. நான் அப்படியே இருந்தேன். அடுத்தது எப்போது தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்?

குழாய்க்குள் இருந்து என் பிள்ளையின் குரல் வந்தது. காரில் நான் சொன்ன கதையை அவள் நன்றாகத்தான் கேட்டிருக்கிறாள்.

"மூடலாம், அப்பா."